நாற்பத்து மூன்றாம் கேள்வி

மார்ச் 3, திங்கள்

கேள்வித்தாள் ஒருவழியாக முடிந்தது. எழுபத்திரண்டு கேள்விகள்.

"எழுபத்திரண்டா? உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட உங்கப்பா என்னை இவ்வளவு கேக்கலையே" என்றார் இவர். எந்தக் கேள்வித்தாள் தயாரித்தாலும் முதல் பலி இவர்தான். சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை கேட்பேன். பாவம், பொறுமையாகப் பதில் சொல்வார். முப்பத்தெட்டு நிமிடம் ஆனது.

ஆனால் அது சரியான கணக்கு இல்லை. 40-லிருந்து நேராக 44-க்குத் தாவிவிட்டேன். நடுவில் இருப்பது இறந்த குழந்தைகளைப் பற்றிய மூன்று கேள்விகள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது, ஏழு வருஷமாக. நான் தாவியது இவருக்கும் தெரியும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "வீட்டில் கழிப்பறை உண்டா?" என்று 44-ஐக் கேட்டேன். "இப்பதானே கழுவினேன்" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நன்னெறிக் குழுவின் ஒப்புதல் வந்துவிட்டது. ஒரு திருத்தம்கூட இல்லை. எங்கள் ஆராய்ச்சி நிலைய டைரக்டருக்குச் சந்தோஷம். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'கடிகாரம்'. பேசும்போது எதிராளி முகத்தைவிட மணிக்கட்டைத்தான் அதிகம் பார்ப்பார்.

வேலை இதுதான். மலைமேல் பழங்குடியினர் குடியிருப்பு ஒன்று, நூற்றுப் பத்து வீடுகள். கீழே நகரத்தில் பிறக்கும் குழந்தைகளைவிட அங்கே பிறப்பவை மூன்று மடங்கு அதிகமாக இறக்கின்றன. ஏன்? எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி கேட்பது எனக்குப் பிறவிக்குணம். "வக்கீலாப் பொறக்க வேண்டியது, தப்பா என் வயித்துல வந்து பொறந்துடுச்சு" என்பாள் அம்மா.

குழுவில் ஏழு பேர். ஒருவர்கூட அந்த மலைக்குப் போனதில்லை. நான் மட்டும் போயிருக்கிறேனா என்ன?

மார்ச் 11, செவ்வாய்

சொதப்பல். முழுச் சொதப்பல். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சமூகக்கூடம் தகரக்கூரை போட்ட ஒரு நீள அறை. நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு இரும்பு பீரோ. பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள். நடுவில் அவர்களுடைய சங்கச் செயலாளர். முப்பது வயதுதான் இருக்கும். குடியிருப்பின் ஜீப்பை ஓட்டுவதும் அவள்தான். அரைமணி நேரம் முன்னால் என்னை மலையேற்றிக் கொண்டுவந்ததே அவள். நான் அவளை வெறும் டிரைவர் என்று நினைத்துக்கொண்டு வழியெல்லாம் "செயலாளர் எப்படி, கறாரா?" என்று விசாரித்திருக்கிறேன்! "கொஞ்சம் வாய் நீளம்க்கா" என்றாள், சிரிக்காமல்.

ஒப்புதல் படிவங்களை மேசையில் அடுக்கினேன். பக்கத்தில் மை டப்பாவை வைத்தேன்.

"இது எதுக்குக்கா?"

"கைநாட்டு வைக்க..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றேன்.

செயலாளர் என் பேனாவை வாங்கினாள். மை டப்பா மூடியில் தன் கையெழுத்தைப் போட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் போட்டு அடுத்தவளிடம். பதினொரு பேரும் போட்டு முடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. கடைசியில் இருந்த அம்மா ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அசடு வழிந்தேன்.

பிறகு செயலாளர் பீரோவைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். இருபது வருஷத்துக்கு முன் யாரோ வந்து எழுதியது. விரித்துக் காட்டினாள். குழந்தையை மடியில் வைத்த ஒரு பெண், கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறாள். கீழே: 'படம் 7: எடை குறைந்த தாய்.'

"எங்கம்மா" என்றாள். "சாகற வரைக்கும் இப்படி ஒரு புத்தகம் இருக்குன்னே தெரியாது அவங்களுக்கு. எங்கம்மா பேரு படம் ஏழு."

 படத்தின் கீழிருந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

"கேள்வித்தாளை வெச்சிட்டுப் போங்கக்கா. படிச்சிட்டுச் சொல்றோம்." போன கையோடு வெறுங்கையாகத் திரும்பினேன்.

மார்ச் 12, புதன்

மை டப்பாவைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. டிராயரில் வைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

செயலாளர் போன் செய்தாள். கூட்டம் போட்டுப் படித்துவிட்டார்களாம். செவ்வாய்க்கிழமை வரலாமாம். ஆனால் அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது: கேட்கிறவர் முதலில் சொல்ல வேண்டும். எந்தக் கேள்வியை நான் அடுத்தவரிடம் கேட்கிறேனோ, அதற்கு என் பதிலை முதலில் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும்.

அடடா! எனக்கு ஒரே குஷி. என் வாய் சும்மா இருக்குமா? யார் ஆரம்பித்தது, எப்போதிலிருந்து, பஞ்சாயத்துக்கும் உண்டா, பொண்ணு கேட்க வந்தாலும் உண்டா என்று துளைத்துவிட்டேன்.

"எல்லாத்துக்கும் உண்டுக்கா. மாப்பிள்ளை குடிப்பானான்னு கேக்கணும்னா, கேக்கறவன் தான் குடிக்கறதை முதல்ல சொல்லணும்."

"அப்ப டாக்டர் கேட்டா?"

"அவரும்தான். போன டாக்டர் சொன்னாரே. அவருக்கும் மூலமாம்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு முறையைக் கேள்விப்பட்டதே இல்லை. போனை வைத்து, சந்தோஷமாக ஒரு கப் டீ போட்டு, முதல் வாய் குடித்தபிறகுதான் உறைத்தது.

41, 42, 43.

மார்ச் 15, சனி

வழி இருக்கிறதா என்று யோசித்தேன். வேறு யாரையாவது அனுப்பலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். இல்லாவிட்டால் 41-க்கு 'பூஜ்யம்' என்று சொல்லிவிட்டுப் போகலாம் — யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு வார்த்தை. என்னிடம் என்ன, பிரமாணமா வாங்குகிறார்கள்?

அப்புறம் இன்னொன்று தோன்றியது. பன்னிரண்டு வருஷமாக என்னிடம் எத்தனை பெண்கள் 'பூஜ்யம்' சொல்லியிருப்பார்கள்? நான் அந்தப் பூஜ்யங்களைக் கூட்டி, வகுத்து, கட்டம் கட்டிக் கட்டுரை எழுதியிருக்கிறேனே.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு நாற்காலியில், எதிரே அவர்கள். கேள்வித்தாள் செயலாளர் கையில். முதல் பக்கத்தில் நானே அச்சடித்திருக்கிறேன்: 'உணர்ச்சி காட்டாமல், நிதானமாக வாசிக்கவும்.' அவள் அப்படியே வாசித்தாள். வயசு, படிப்பு, வீட்டில் எத்தனை பேர் — கலகலப்பாகவே போனது. 'கணவர் வீட்டு வேலையில் உதவுவாரா?' என்பதற்கு "கழிப்பறை கழுவுவார்" என்றதும் ஒரே கூச்சல். ஒரு அம்மா, அவரை ஒருநாள் இங்கே கூட்டிவரச் சொன்னாள்.

"நாற்பத்தி ஒண்ணு. உயிரோடு பிறந்து, பிறகு இறந்த குழந்தைகள் எத்தனை?"

தகரத்தின்மேல் ஏதோ காய் விழுந்து உருண்டது.

"ஒண்ணு" என்றேன்.

"நாற்பத்தி ரெண்டு. எத்தனை நாள் உயிரோடு இருந்தது?"

"ஒன்பது."

"நாற்பத்தி மூணு. குழந்தை இறந்த நேரத்தில் தாய் எங்கே இருந்தார்? ஒண்ணு, வீட்டில். ரெண்டு, வேலையில். மூணு, மற்றவை."

"மூணு."

"மற்றவை எனில் குறிப்பிடவும்னு போட்டிருக்குக்கா."

போட்டது நான்தானே. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, தாய் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தாள் என்று தெரிந்தால் உபயோகமாக இருக்குமே என்று, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் போட்டது.

"கேன்டீன்ல" என்றேன். "ஆஸ்பத்திரி கேன்டீன்ல. டீ குடிச்சிட்டிருந்தேன்."

எனக்கு டீ வேண்டும்போல இருந்தது, கீழே போனேன். அப்படித்தான் ஏழு வருஷமாக எனக்கு ஞாபகம். ஒன்பது நாள் குழந்தையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி பக்கத்திலேயே இருந்தவள், ஒரு பத்து நிமிஷம்... ஏன் போனேன்? என்ன அப்படி ஒரு டீ? அய்யோ, போகாம இருந்திருக்கலாமே. அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதேன். பதினொரு பேர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

யாரும் எழுந்து வந்து தட்டிக்கொடுக்கவில்லை. மை டப்பாவைப் பார்த்துச் சிரித்த அந்த அம்மாதான் முதலில் பேசினாள்: "நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன்." பக்கத்தில் இருந்தவள், "நான் தூங்கிட்டேன். மடியிலேயேதான் இருந்துச்சு, தூங்கிட்டேன்." இன்னொருத்தி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாளாம். நான் பேனாவைத் திறக்கவே இல்லை.

பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரியிலதானே இருந்துச்சு உன் பிள்ளை? அப்ப டாக்டர் எங்க இருந்தாரு?" என்றாள்.

"தெரியாதும்மா. கேட்டதில்லை."

"இவ்ளோ கேள்வி எழுதியிருக்கே, அதைக் கேக்கலையா?"

கிளம்பும்போது செயலாளர் என் பதில்கள் இருந்த தாளை பீரோவில் வைத்தாள். எனக்குப் பகீர் என்றது. "இதை யாரெல்லாம் பார்ப்பாங்க? என் பேரு இருக்குமா? எத்தனை நாள் வெச்சிருப்பீங்க?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜீப்ல போறப்ப இதையெல்லாம் வரிசையா எழுதுங்கக்கா. உங்க படிவத்துல இது ஒண்ணும் இல்ல" என்றாள். எழுதினேன். வளைவுகளில் கையெழுத்துக் கோணல்மாணலாக வந்திருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

கடிகாரத்திடம் போய் நின்றேன். குடியிருப்பு கேட்பது இவ்வளவுதான்: கேள்விகளை அவர்களோடு உட்கார்ந்து மாற்ற வேண்டும். தாள்கள் அவர்கள் பீரோவில் இருக்கும், சாவி இரண்டு, ஒன்று எங்களுக்கு. எழுதியதைக் கூடத்தில் வாசித்துக் காட்டிய பிறகே அச்சு. வேண்டாம் என்றால் அந்தப் பகுதி வராது.

"ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கே. குழு ஒப்புக்கிட்ட கேள்வியை மாத்தறதுன்னா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." மணிக்கட்டைப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ரெண்டு. ஏன்?"

"இறந்தது ஏதாவது?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று. "யோசிக்கறேன், போ" என்றார்.

இது நடக்காவிட்டால் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வீறாப்பாகச் சொல்லியாயிற்று. இப்போது பாஸ்புக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

கடிகாரம் இன்னும் பதில் சொல்லவில்லை, இருந்தாலும் இரண்டு நாள் மலையில். எழுபத்திரண்டு கேள்விகள் முப்பத்தொன்பதாகச் சுருங்கிவிட்டன. கழிப்பறையை எடுத்துவிட்டார்கள். "வந்து பாருங்க, இருக்கா இல்லையான்னு தெரியும். இதுக்கு எதுக்குக் கேள்வி?"

41-ஐ எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நானே சொல்லியும் பார்த்தேன். செயலாளர் கறாராக மறுத்துவிட்டாள். "செத்தது செத்ததுதானேக்கா. எண்ணலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? அது இருக்கட்டும். நாற்பத்தி மூணைத்தான் மாத்தணும்."

புது வடிவம், அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே: 'குழந்தை இறந்த நேரத்தில் டாக்டர் எங்கே இருந்தார்? வண்டி எங்கே இருந்தது? தாயோடு யார் இருந்தார்கள்?'

ஒரு அறையில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் எனக்கு இது வந்திருக்காது. ஏன் வரவில்லை? அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்களை மாற்ற வேண்டாம், பழையபடியே இருக்கட்டும் என்றாள். இடையில் எடுத்ததெல்லாம் வெற்று இடமாகவே இருக்கும். நாங்கள் எதைக் கேட்க வேண்டாம் என்றோம் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டுமாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

குடியிருப்போடு செய்யும் ஒப்பந்தத்தில் கடிகாரம் கையெழுத்துப் போட்டுவிட்டார்; புதுக் கேள்விகள் மறுபடி நன்னெறிக் குழுவுக்குப் போகின்றன. ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி, "ஒண்ணு. ரெண்டாவதுக்கு முன்னாடி" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. மணியையும் அவர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் புதுக் கேள்வித்தாளோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். "மறுபடியுமா?" என்றபடி உட்கார்ந்தார் இவர். முறையைச் சொன்னேன்: கேட்கிறவர் முதலில் சொல்ல வேண்டும். "அப்ப உன் வயசு வெளிய வந்துடுமே" என்று சிரித்தார்.

40 வரை வந்தோம். தாவவில்லை.

41-ஐ வாசித்தேன். என் பதிலைச் சொன்னேன். ஒன்று. இவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். 42, ஒன்பது நாள். 43-ஐ வாசிக்கவில்லை. தாளை மேசையில் வைத்துச் சொன்னேன். டாக்டர் எங்கே என்று தெரியாது. குழந்தையோடு நீங்கள் இருந்தீர்கள். நான் கீழே கேன்டீனில் இருந்தேன், எனக்கு டீ வேண்டியிருந்தது, விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

இவர் தாளைத் தன் பக்கம் திருப்பி 43-ஐத் தானே வாசித்தார். பிறகு சொன்னார்.

"உனக்கு எங்கே டீ வேண்டியிருந்தது? நீ போகவே மாட்டேன்னே. நான்தான் கையைப் பிடிச்சு எழுப்பி, போய் ஒரு டீ குடிச்சிட்டு வான்னு அனுப்பினேன்."

ஏழு வருஷமாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் என்னுடையதை வைத்துக்கொண்டிருந்த மாதிரியே, இதே வீட்டில், இதே மேசையில்.

"எழுதிக்கோ" என்றார்.

எழுதினேன்: தாயோடு யார் இருந்தார்கள் — அப்பா, கையைப் பிடித்து எழுப்பி அனுப்பும்வரை.