என் வாசலில் ஒரு வேகத்தடை

12.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பொன்மணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளை கோகுலும் சுகம். உங்கள் சுகத்துக்குக் கோமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் அறையில் ஆறு பேர். நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவீர்கள். இது ஆறு பேர் கேட்கிற சேதி இல்லை. லீவில் வந்திருக்கும் உங்கள் அறைக்காரர் ஆசிப் வெள்ளிக்கிழமை தோகாவுக்கு விமானம் ஏறுகிறார். முறுக்குப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். முறுக்கை எல்லோருக்கும் கொடுங்கள், இதைத் தனியாகப் படியுங்கள்.

உங்கள் அண்ணன் கால் முறிந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரியும். பள்ளிக்கூடத்து முன்னால் பைக் இடித்துவிட்டது என்று சொன்னேன். அது பொய் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்லவில்லை.

நம் ஊர் ரோடு நீங்கள் பார்த்த ரோடு இல்லை அத்தான். புளியங்குடிக்கு எலுமிச்சை ஏற்றிப் போகிற வண்டிகள் ஓயாமல் பறக்கின்றன. இது மக்காச்சோள அறுப்புக் காலம் வேறு. பாதி ரோட்டில் சோளத்தைக் காயப்போட்டு ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். மீதிப் பாதியில்தான் மினிபஸ், லோடு ஆட்டோ எல்லாம். ரேஷன் போடும் நாளில் அந்தப் பாதியிலும் பைக்கை நிறுத்திவிட்டு வரிசைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர் வீடு உங்கள் அண்ணன் வீடு என்பதால், காலையில் அவர்தான் சிவப்புத் துண்டை வீசி வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைப்பார். கோகுலும் அவர் கையைப் பிடித்துத்தான் போவான்.

உங்கள் அண்ணி வேல்விழி அக்கா வாசலில் நின்றுகொண்டு, வெயில் ஏறுது, சாப்பிட வாங்க என்று அவரைக் கூப்பிடுவாள். கூப்பிட ஆள் இருக்கிறது, கூப்பிடுகிறாள். அதில் என்ன குற்றம்? எனக்கு வயிறு எரியும். வீட்டுக்கு வந்தும் கோகுல் பெரியப்பா, பெரியப்பா என்றே பேசுவான். அதற்கும் எரியும். இரண்டு வீட்டிலும் ஒரே குடும்பத்து ஆம்பிளைகள்தான். ஒருத்தியின் ஆள் கூப்பிடு தூரத்தில், இன்னொருத்தியின் ஆள் கடலுக்கு அந்தப் பக்கம்.

குடியரசு தினத்தன்று கிராமசபை நடந்தது. ரோட்டைப் பற்றி எல்லாரும் அபிப்பிராயம் சொல்லுங்கள் என்றார் பஞ்சாயத்துத் தலைவர் கோமதியம்மாள். சோளத்தை ரோட்டில் போடக்கூடாது என்றார்கள் சிலர். பஞ்சாயத்துக் களம் பேர்ந்து கிடக்கு, பெறவு என் தலையிலயா காயப்போட என்று பிச்சம்மாள் சித்தி சண்டைக்கு வந்தார். மினிபஸ்ஸை நடுரோட்டில் நிறுத்துகிறான் என்று ஒரு புகார். கடைசியில், ரோட்டுக் குழிக்கு ஒட்டுப்போட வந்த தாரில் ஒரே ஒரு வேகத்தடை போடலாம், எங்கே போட என்று கேட்டார் தலைவர். உங்கள் அண்ணன் எழுந்து, பள்ளிக்கூடத்து முன்னால் போடுங்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதாவது வேல்விழி அக்கா வாசலில். புருஷனும் அங்கே, புகழும் அங்கே, இப்போது வேகத்தடையும் அங்கேயா என்று எனக்குள் ஒன்று புகைந்தது. எழுந்துவிட்டேன். வளைவில்தான் வண்டிகள் கண்மூடித்தனமாக வருகின்றன, அங்கே என் வீட்டு முன்னால் தடுத்தால் பள்ளிக்கூடம் வரைக்கும் மெதுவாகத்தான் போகும் என்று பேசினேன். ஏட்டி, இம்புட்டுப் பேசுவியா நீ என்று பிச்சம்மாள் சித்தியே அசந்துபோனார். உங்கள் அண்ணன் மறுத்திருக்கலாம். அவரோ, தம்பி வெளிநாட்டுல கெடக்கான், வீட்டுல ஆம்பள இல்லாத பிள்ள கேக்குது, அது வாசலுக்கே போடுங்க என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் விட்டுக்கொடுத்துத்தான் நான் ஜெயித்தேன். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்காம் நாள் தடை போட்டார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். என் வாசலில் எல்லா வண்டியும் அடங்கி ஏறி இறங்கியது. ஏறி இறங்கியதும், விட்ட வேகத்தைப் பிடிக்க எல்லாரும் ஆக்சிலேட்டரை முறுக்குகிறார்கள் என்பதையும் பார்த்தேன். நூறு அடியில் பள்ளிக்கூடம். பார்த்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை காலை அப்படி முறுக்கிக்கொண்டு வந்தவன்தான் இடித்தான். ஒரு பக்கம் சோளம், ஒதுங்க இடமில்லை. உங்கள் அண்ணன் கோகுலைத் தூக்கிச் சோளத்தின் மேல் எறிந்துவிட்டு, தான் மாட்டிக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நம் பிள்ளையின் முழங்காலில் சோளமணிதான் ஒட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வேல்விழி அக்கா கேட்ட முதல் கேள்வி, பிள்ளை பயந்துட்டானா என்பது. பிறகு அவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்ட உட்கார்ந்துவிட்டாள். இதை எழுதக் கை கூசுகிறது, எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஊட்டிவிடப் பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்று.

நாளைக்குக் கோமதியம்மாள் வீட்டுக்குப் போய்த் தடையைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஏன் என்று கேட்பார். இருக்கிற காரணத்தைச் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் வேல்விழி அக்காவிடம் சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது. நீங்களாவது என்னைத் திட்டுங்கள்.

இப்போது காலையில் அந்தச் சிவப்புத் துண்டோடு நான் நிற்கிறேன். வண்டிக்காரர்கள் எனக்கு நிற்பதில்லை. நீங்கள் அங்கே ஓட்டுகிற ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகள் ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் ஒரு பலகை நீளும், அதைப் பார்த்தால் எவ்வளவு பெரிய காரும் நின்றுவிடும் என்று வீடியோ அனுப்பினீர்களே, கோகுல் அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அங்கே முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா ரோட்டை நிறுத்துகிறாராம். அந்தப் பிள்ளைகள் மேலும் எனக்குப் பொறாமைதான் அத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குப் போன் போடுங்கள். ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் காலை ஆறே கால் மணி என்றால் எங்களுக்கு எட்டே முக்கால். அந்த நேரத்தில் பலகையை நீட்டினால், மடக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் கூடுதலாக விடுங்கள். இங்கே நம் பிள்ளை கடந்துகொண்டிருப்பான்.

என்றும் உங்கள்,
பொன்மணி