விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பிட்

ஏனுங்க,

தோசை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, புளிப்பதற்குள் ஊற்றிக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் சபரிநாதன் அண்ணன் வந்தால் போர்வெல் ரிக் வண்டிச் சாவி டிவிக்குப் பின்னால். நானும் கிருத்திகா பாப்பாவும் மோகனூருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறோம்.

நம் ரிக்கில் முதல் போர்வெல்லைத் துளைத்துத் தேய்ந்த பிட் என்று அதைச் சாமி படங்களுக்கு நடுவில் வைத்தீர்கள். நமக்குச் சோறு போட்ட இரும்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் முகம் முழுக்க நெருக்கமாகக் குமிழ்கள், உதிர்ந்த இடமெல்லாம் குழிகள். பார்த்தால் என் தோலிலும் அப்படியே குழி விழுவதுபோல் ஊறுகிறது, குமட்டுகிறது. நிறைய பேருக்கு இப்படி இருக்கிறதாம், போனில் காட்டினேனே. "நடிக்காத" என்றீர்கள்.

தாங்காமல்தான் அதன்மேல் துண்டைப் போர்த்தினேன். "பொணத்துக்குப் போத்தற மாதிரி போத்திட்ட, அதான் கெங்கவல்லியில போட்ட போர்ல தண்ணியில்லாம வெறும் புழுதி வந்துச்சு" என்று உங்கள் ஆட்கள் முன்னாலேயே சொன்னீர்கள். எடுக்கச் சொல்லி இனிக் கேட்க மாட்டேன். அலுத்துவிட்டது.

இன்றைக்கு விளக்கேற்றிவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டுதான். விரல் சுட்டுவிட்டது.

மோர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், சளி பிடிக்கும்.

இன்னொன்று. நம் பாப்பா கண்ணை இறுக்க மூடித்தான் சாமி கும்பிடுவாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வீர்களே. ஏன் என்று நேற்றுக் கேட்டேன்.

"அந்த பிட்டைப் பாத்தா உடம்பெல்லாம் ஊறுதுங்கம்மா. அப்பாகிட்டச் சொல்லிராதீங்க, உங்களைத் திட்டுற மாதிரி என்னையும் திட்டுவாரு" என்றாள்.