உறைக்குள் இருந்த பதில்

14-4-2009

அன்புள்ள பாஜிலா அக்காவுக்கு, தம்பி இத்ரீஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் அமானுல்லா மச்சானுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? கம்பத்தில் இந்த வருடம் திராட்சைக்கு விலையே இல்லை என்று உங்கள் மகள் மிஸ்பா மின்னஞ்சலில் எழுதியிருந்தாள்.

நீங்கள் என் போனை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்த அமெரிக்காவில் எனக்கு என்ன வேலை என்று அத்தாவுக்குக் கடைசிவரை விளங்கவைக்க முடியவில்லை. நான்கு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு குழாய்கள், ‘ட’ எழுத்தைப் போல. உள்ளே காற்றே கிடையாது. இரண்டிலும் லேசர் ஒளி ஓடி, கடைசியில் தொங்கும் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும். வானத்தில் எங்கோ இரண்டு நட்சத்திரங்கள் மோதினால் அதில் எழும் ஈர்ப்பு அலை பூமிவரை வரும்; ஒரு குழாய் அணுவைவிடச் சிறிய அளவு நீளும், மற்றது சுருங்கும். அதைப் பிடிக்கத்தான் இத்தனையும். லோயர் கேம்ப் ரோட்டில் லாரி போனால் நம் திராட்சைப் பந்தல் அதிருமே, அவ்வளவு போதும், இங்கே எல்லாம் கெட்டுவிடும். ஒருமுறை அத்தா போனில் கேட்டார்கள்: “ஏலே, அந்தக் குழாயில என்னதான் வருது?” இன்னும் ஒன்றும் வரவில்லை என்றேன். “எட்டு வருசமா ஒன்னும் வராததுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாக?” என்று சிரித்தார்கள்.

2007 ரமலானில் வந்தது. ஒரு நொடிகூட நீடிக்காத துடிப்பு. வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. கண்ணாடி லாரியாலோ நிலநடுக்கத்தாலோ அசையவில்லை என்று உறுதிசெய்வது என் பொறுப்பு. அந்த வாரம்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். “அத்தா ஒன்னையத்தான் கேக்குறாக. எந்திரிச்சு உக்காரக்கூட முடியல. ஒடனே பொறப்பட்டு வாடா.” பத்து நாள் பொறுங்கள் என்றேன். காரணம் கேட்டீர்கள். சொல்ல முடியாது என்றேன். “அப்படி என்னடா சொல்ல முடியாத வேலை?” என்று அழுதீர்கள். ஆறாம் நாள் மச்சான் பேசினார். “முடிஞ்சிருச்சு மாப்ளே” என்றார்.

போன மாதம் எங்களை ஒரு அறையில் உட்காரவைத்து, ஒட்டிய உறை ஒன்றைத் திறந்தார்கள். அந்தத் துடிப்பு வானத்திலிருந்து வரவில்லை. நாங்கள் கண்டுபிடிக்கிறோமா என்று பார்க்க, எங்கள் ஆட்களே ரகசியமாகக் கண்ணாடியை அசைத்திருக்கிறார்கள். மூன்று பேருக்கு மட்டும் தெரியும். சோதனையில் தேறிவிட்டோம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் அக்கா.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. இப்படி ஒரு சோதனை எப்போது வேண்டுமானாலும் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நீங்கள் அழுதபோதும் அது என் நினைவில் இருந்தது. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? அந்த ஆசையில்தான் இருந்துவிட்டேன். இப்போதும் தினமும் போய் உட்காருகிறேன். திரையில் கோடு ஓடுகிறது. எதற்கென்று தெரியவில்லை.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதீர்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா, “பெரிய வேலையில மாட்டிக்கிட்டான், அதான் வரல” என்று சொன்னார்களாம். அது அப்படியே இருக்கட்டும்.

மே மாதம் வருகிறேன். நீங்கள் என்னோடு பேச வேண்டாம். மச்சானை மட்டும் என்னுடன் கபர்ஸ்தானுக்கு அனுப்பிவையுங்கள். அத்தாவை எந்த இடத்தில் அடக்கம் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

வஸ்ஸலாம்.

உங்கள் தம்பி,
இத்ரீஸ்