செல்வியின் சாட்சி

12.2.2006, ஞாயிறு

இன்றும் பிரசங்கத்தில் குறட்டை விட்டேன். பக்கத்திலிருந்த எஸ்தர் அக்கா முழங்கையால் குத்தித்தான் விழித்தேன்.

அப்போது சாட்சி நேரம், கர்த்தர் செய்த நன்மையை அவரவர் எழுந்து சொல்லும் நேரம். பனியன் கம்பெனியில் தைக்கும் செல்வி எழுந்தாள். "சூப்பர்வைசர் கையப் புடிச்சு இழுக்கறாருங்க. நாளைக்கு யாராச்சும் எங்கூட வந்து கேளுங்க."

அந்தக் கம்பெனி முதலாளி முன்வரிசையில்தான் இருந்தார். சபைக்கு மின்விசிறி வாங்கித் தந்த மகராசன். ஒருவரும் அசையவில்லை, அவர் விசிறிதான் சுற்றியது.

"ஜெபிப்போம் கண்ணு" என்றார் போதகர்.

"ஜெபிச்சுட்டுத்தானுங்க வந்தேன்" என்றாள்.

உடனே ஒரு பாட்டு கிளம்பி அவள் குரலை அமுக்கிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்! இயேசு வந்திருந்தால் பெஞ்சுகளைக் கவிழ்த்திருப்பார். போதகரைத் திட்டித் தீர்த்தேன், முதலாளியையும் விடவில்லை. எல்லாம் இந்த நோட்டில்தான்.

சாட்சி நீண்டால் பாட்டெடுத்து முடித்துவைப்பது எங்கள் சபை வழக்கம். இன்று பாட்டெடுத்தவள் நான்.