என் பக்கத்து பிரேக்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம், புத்தியளவில் எப்படி என்பதை இதைப் படித்து முடித்ததும் நீயே முடிவு செய்துகொள். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்ய, இங்கிருந்து எட்டிப் பார்க்கவா முடிகிறது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் ஒன்பது சொல்லிவிடுகிறேன், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அந்த சரிம்மா எனக்குப் பிடிக்கவே இல்லை. போன வாரம் நீ கேட்டது சரிம்மாவில் முடிகிற விஷயமும் இல்லை. கம்பெனியில் கணக்குப் பார்க்கிற நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ஒரு தோழியோடு சேர்ந்து உடைந்த பொம்மைகளைப் பழுது பார்க்கிற கடை போடட்டுமா, நீ வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன்மா, இடத்துக்காரருக்கு மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. உன் அப்பாவுக்கு மட்டும் வருகிறது, குறட்டையோடு.

பதிலுக்கு வருகிறேன், அவசரப்படாதே. அதற்கு முன்னால் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பதில் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. லைப்ரரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உன் அப்பா மாலை வகுப்பு ஒன்றுக்குப் போகிறார், விவேகமாக வாழ்வது எப்படி என்று அதற்குப் பெயர். நடத்துகிறவர் பழைய இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். காலமெல்லாம் நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஊரைப் பயமுறுத்திப் பிழைத்த மனிதர், இப்போது எதற்கும் பதறாதீர்கள் என்று பாடம் எடுக்கிறார். அவர் கொடுத்த மந்திரம் மூன்று கேள்வி. எதைச் செய்வதற்கு முன்னும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, இது தேவையா, இப்பவே தேவையா, இதை நான்தான் செய்யணுமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உன் அப்பா கையில் அல்லவா சிக்கியிருக்கிறது. குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு வாருங்கள் என்றால் பையைப் பிடித்தபடி வாசலில் நின்று கண்ணை மூடுகிறார். மூன்றாவது கேள்விக்கு வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு மலரும் பார், அப்படியே பையை என் பக்கம் நீட்டிவிடுவார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, அது முதல் கேள்வியைக்கூடத் தாண்டவில்லை, அடியில் வாளி வைத்திருக்கிறோம். ஒரு நாள் முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு அணைக்கலாமா என்று கண்ணை மூடி யோசித்துக்கொண்டே நின்றதில் தண்ணீர் வற்றி முட்டை வெடித்துக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. இதற்குப் பெயர் விவேகமா என்று கத்தினேன். இல்லை, அனுபவம் என்றார். அடிக்கலாம் போல இருந்தது.

இந்த மனிதருக்குத்தான் இந்த வயதில் கார் ஓட்டும் ஆசை வந்தது. கற்றுக்கொடுக்க வேறு யார், நான்தான். டிரைவிங் ஸ்கூல் டீச்சர் வேலையை விட்டு வரும்போது நான் வாங்கிக்கொண்டு வந்த பழைய பயிற்சிக் கார் உனக்கு ஞாபகம் இருக்கும், ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற டீச்சர் காலடியில் ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்தான் உன்னைப் படிக்க வைத்தது. ஊரில் பாதிப் பேர் என் காலை நம்பித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் பஸ்ஸில் போனாலும் என் கால் தரையை மிதிக்கிறது, பல் டாக்டர் நாற்காலியில்கூட மிதித்தேன், அவர் பயந்துபோய் மிஷினை நிறுத்திவிட்டார். சரி, உன் அப்பாவை உட்கார வைத்தேன். முதல் சிக்னலிலேயே சந்தி சிரித்தது. பச்சை விழுந்ததும் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார், போவது தேவையா, இப்பவே போகணுமா என்று. பின்னால் ஹார்ன் காதைப் பிளக்கிறது. ஒரு லாரிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். இவர் கண்ணாடியை இறக்கி மூன்று கேள்வியையும் நிதானமாக விளக்கினார். திட்ட வந்த மனுஷன் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார், நான் தலையைக் குனிந்தவள் வீடு வரும்வரை நிமிரவில்லை.

ஆனாலும் ஒரு மாதமாகத் தினமும் கூட்டிக்கொண்டு போனேன். சந்தை முக்கில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு தடவை, ரிவர்ஸில் வந்த பால் வண்டிக்கு ஒரு தடவை என்று நான் ஓங்கி மிதிப்பேன், கார் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கும் என் காலால்தான் உயிர் பிழைத்தீர்கள் என்பேன். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பேப்பரை விரிப்பார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், என் புத்தியும் வகுப்புக்குப் போய்விட்டது போல. போன வியாழக்கிழமை, நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் பெரிய மெத்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நேராக ரோட்டுக்கு நடந்து வந்துவிட்டார், மெத்தைக்குக் கால் முளைத்து வருகிற மாதிரி. நான் ஐயோ என்று அலறிக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலாலும் மிதித்தேன், செருப்பு வார் அறுந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் கார் நின்றிருக்கிறது, இடையில் ஒரு சாண்கூட இல்லை. அந்த ஆள் மெத்தையை எங்கள் பானட்டின் மேல் சாய்த்துவிட்டு, நல்லவேளை, கை வலிச்சுது என்று இளைப்பாறினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டயருக்குக் காற்றுப் பிடிக்க நிறுத்திய இடத்தில் மெக்கானிக்கிடம், அதுதான் எல்லோரும் கிரீஸ் என்று கூப்பிடுகிற நம் பழைய மெக்கானிக், அறுந்த செருப்பைத் தூக்கிக் காட்டிக் கதையைச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் காலும்மா, உங்க பக்கத்து பிரேக்கோட கம்பி அறுந்து ஒரு மாசமாச்சே, ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கு, புதுக் கம்பி வர நாளாகும், அம்மாகிட்ட சொல்லிடுங்கன்னு சார்கிட்ட அன்னைக்கே சொன்னேனே என்றார். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா டயரை வாழ்நாளில் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி குனிந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். திருட்டு முழி முழித்துக்கொண்டு, சொல்லத்தான் நினைச்சேன், தேவையான்னு கேட்டேன், ஆமாம்னு வந்துது, இப்பவேவான்னு கேட்டேன், அதுக்கும் ஆமாம்னு வந்துது, நான்தான் சொல்லணுமான்னு கேட்டேன், மெக்கானிக்கே சொல்லட்டுமேன்னு வந்துது என்றார். கிரீஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் கோபம் தலைக்கேறியது. ராத்திரி சாப்பாடுகூட அவரே போட்டுச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன், அதை மட்டும் கேள்வி கேட்காமல் செய்தார். அப்புறம் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். ஒரு மாதமாக நான் வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தேன் என்றால் சந்தை முக்கில் காரை நிறுத்தியது யார், பால் வண்டிக்கு நிறுத்தியது யார், மெத்தைக்காரரைக் காப்பாற்றியது யார். எல்லாம் இந்த மனிதர்தான். கேட்டால், அப்போல்லாம் கேள்வி கேட்க எங்க நேரம், கால் தானா போச்சு, நீ அங்க மிதிச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன் என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது, என்னவோ தெரியவில்லை, உன் ஞாபகமாகவே இருந்தது.

நீயும் அங்கே கம்பி அறுந்த காரைத்தானே இத்தனை வருஷமாக ஓட்டுகிறாய். முதல் தடவை ஊர் மாறினபோது, காய்ச்சலை என்னிடம் சொல்லாமல் மறைத்தபோது, அந்தப் பையன் சரிப்பட்டு வரமாட்டான் என்று நீயாகவே விலகினபோது, எல்லாவற்றுக்கும் நான் இங்கே தொம் தொம் என்று மிதித்தேன். கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும், உனக்கு வந்து சேர்ந்திருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது மகளே, அதை மறைக்கமாட்டேன். நீ அங்கே தடுக்கி விழுந்தால் தூக்கிவிட என் கை எட்டாது, அதுதான் பயம், பொம்மைக் கடை மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அதனால் உன் அப்பாவின் மந்திரத்தையே திருடி உன் விஷயத்தில் கேட்டுப் பார்த்தேன். இது தேவையா என்றேன், சத்தியமாகத் தெரியவில்லை, ஆனால் குழந்தைகள் உடைப்பதை நிறுத்தப்போவதில்லை. இப்பவே தேவையா என்றேன், முழங்கால் நன்றாக இருக்கும்போது செய்யாமல் என் வயதிலா செய்வாய். இதை நான்தான் சொல்லணுமா என்று கேட்டபோது எதிரே கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, உன் அப்பாவின் அதே குப்பைப் பைச் சிரிப்பு. ஆகவே பையை உன் பக்கம் நீட்டுகிறேன். வேண்டாம் என்று என்னிடமிருந்து வராது, போ என்றும் தள்ளமாட்டேன், ஸ்டியரிங் உன் கையில்.

ஆனால் கடைக்கு நல்ல வெளிச்சம் இருக்கிறதா பார், ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படி, கூடச் சேருகிற தோழிக்கு முன்கோபம் உண்டா என்று விசாரி, நின்றுகொண்டே சாப்பிடாதே. முகத்தைச் சுளிக்காதே, இதெல்லாம் பிரேக் இல்லை, வெறும் ஹார்ன்.

உன் அப்பா நேற்று லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுவிட்டார், பச்சையில் நின்றதற்குத்தான். அடுத்த மாதம் மறுபடி போகிறோம். புதுக் கம்பி வந்துவிட்டது, மாட்டட்டுமா என்று கிரீஸ் கேட்டார், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், சொல்லும்போதே கால் தரையை மிதித்தது உண்மை. இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதுகிறேன் என்று உன் அப்பா பேனாவை வாங்கினார், கண்ணை மூடினார், தபால் நேரம் தவறிவிடும் என்று பிடுங்கிக்கொண்டேன். அவருடைய ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதுகிறேன், நீ நினைத்தது நடக்கட்டும், நடக்காவிட்டாலும் நீ நன்றாக இரு.

மறக்காதே, இதோடு வருகிற பார்சலைக் குலுக்காமல் பிரி. உள்ளே சாவி கொடுத்தால் நடக்கிற உன் கரடி பொம்மை இருக்கிறது. சின்ன வயதில் அப்பாவின் மூக்குக்கண்ணாடித் திருகாணியைக் கழற்றிப் போட்டு நீ சரி செய்தாயே, அன்றிலிருந்து மேளம் அடித்துக்கொண்டே பின்னோக்கியே நடக்கிறது, அதே கரடிதான். அதை முன்னோக்கி நடக்க வைக்க வேண்டும். அவசரம் இல்லை, அம்மா என்று சலுகையும் வேண்டாம், ஆனால் முதல் வாடிக்கையாளர் நான்தான், எனக்கு முன்னால் யாரிடமும் பொம்மை வாங்காதே.

இரண்டு காலையும் மடக்கிச் சோபாவின் மேல் வைத்துக்கொண்டு இதை எழுதிய,
உன் அம்மா