பின்னால் நிற்பவர் பார்க்க வேண்டும்

திங்கள், இரவு 11.20. சுரங்க ரயில் நிலையம், கீழ்த்தளம். மின்கலம் 64%.

இதைக் கண்டெடுப்பவருக்கு. என் பெயர் ஜெசிந்தா. பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. இது பள்ளியில் கொடுத்த பழைய டேப்லெட். இதில் ஏ.ஐ. கிடையாது, நானே சோதித்துவிட்டேன். இதில் எழுதுவதால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் விளக்கணைத்த பிறகு எந்தத் திரையும் எரியக் கூடாது என்பது இங்கே எல்லாவற்றையும் நடத்தும் தாமு அண்ணன் போட்ட சட்டம். போர்வைக்குள் எழுதுகிறேன்.

இன்று வாசலில் வழக்கமான வேலை. மேலிருந்து படி இறங்கி வருகிறவர்களின் போன்களைச் சோதித்தேன். பெரும்பாலும் பழையவை, உள்ளே விட்டோம். மூன்று போன்களும் ஒரு லேப்டாப்பும் சுத்தியலுக்குப் போயின.

சோதிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேண்டியிருக்கலாம். செட்டிங்ஸைத் திறந்து நினைவகம், அதாவது ராம், எவ்வளவு என்று பாருங்கள். குறைவாக இருந்தால் பயமில்லை. அதிகம் என்றால் மேலே உள்ள தேடல் பெட்டியில் ஏ.ஐ. என்று அடியுங்கள். 'ஆன் டிவைஸ் ஏ.ஐ.' என்று ஒரு வரி வந்தால் அந்தப் போன் தானே யோசிக்கும். வானத்தில் சுற்றும் கொலை இயந்திரத்தை வண்டு என்கிறோம். தானே யோசிக்கும் போன், வண்டு கூப்பிட்டால் பதில் சொல்லும். ஆஃப் செய்தாலும் சொல்லும். பதில் வந்த இடத்தை வண்டு அடிக்கும். அம்மாவும் அப்பாவும் இருந்த குடியிருப்பை அப்படித்தான் அடித்தது. மூன்றாம் மாடியில் யாரோ புதுப்போன் வைத்திருந்தார்கள்.

என் வாயை மட்டும் நம்ப மாட்டார்கள். வரிசையில் பின்னால் நிற்பவரும் திரையை எட்டிப் பார்த்து, இருக்கு அல்லது இல்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன உடனே தாமு அண்ணன் சுத்தியலை இறக்குவார். அவர் முன்பு இந்த நிலையத்தின் பைக் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவர்.

போனைத் தானாகக் கொடுத்தால் போன் மட்டும் உடையும். ஒளித்துக் கொண்டுவந்தால் ஆளும் உடையும். இன்று ஒருவன் காலுறைக்குள் வைத்திருந்தான். தாமு அண்ணன் அவன் கணுக்கால் மேலேயே அடித்தார், போனும் எலும்பும் ஒன்றாக நொறுங்கின. பிறகு அவனை மேலே இழுத்துப் போய் விட்டுவிட்டார்கள். ரொம்ப நேரம் கத்தினான்.

செவ்வாய், இரவு 11.45. மின்கலம் 57%.

என் கூடப்பிறந்த ரோஸ்லின் அக்கா உயிரோடு இருக்கிறாள். இன்று வரிசையில் வந்து நின்றாள். ஏழு மாத வயிறு. முகமெல்லாம் புழுதி.

அவள் போனை வாங்கும்போதே தெரிந்துவிட்டது. கப்பலில் வேலை பார்க்கும் மாமா, அவள் புருஷன், போன வருடம் வந்தபோது வாங்கிக் கொடுத்தது. உசத்தியான போன். தேடினேன். வரி இருந்தது.

அக்கா குனிந்து என் காதில் சொன்னாள்: "ஜெசி, இத மட்டும் உடைக்க விடாதடி. அவரு மெசேஜ் இதுலதான் வரும். சிம்ம வேற போன்ல போட்டா ஓ.டி.பி. கேக்கும், ஓ.டி.பி. எங்கேர்ந்து வரும்? இது போச்சுன்னா அவரு உசுரோட இருக்காரான்னே தெரியாது."

பின்னால் நின்றவர் குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். என் விரல் தானாக மொழிப் பக்கத்துக்குப் போயிற்று. ஆங்கிலத்தைத் தமிழாக மாற்றினேன். திரும்பத் தேடினேன். வரி போய்விட்டது. அந்த இடத்தில் 'இந்த வசதி உங்கள் மொழியில் இல்லை' என்று வந்தது. அதையும் மூடிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இல்ல," என்றார் பின்னால் நின்றவர்.

தாமு அண்ணன் அக்காவின் வயிற்றைப் பார்த்து, "உள்ள போம்மா, ஃபேன் கீழ எடம் குடுங்கடா," என்றார். அவர் கெட்டவர் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். உங்கள் மொழியில் இல்லை என்று போனே சொல்கிறது. அப்படியென்றால் தமிழில் வைத்தால் அது தூங்கிவிடும் என்றுதானே அர்த்தம்? வேலை செய்யாத ஒன்று எப்படிப் பதில் சொல்லும்? இது ஏமாற்று இல்லை. உடைக்காமலே சரிசெய்யும் வழி.

புதன், இரவு 11.10. மின்கலம் 51%.

இன்னும் பலருக்குச் செய்துவிட்டேன். கேட்டவர்களுக்கு எல்லாம் இல்லை, அழுதவர்களுக்கு மட்டும்.

ஏகாம்பரம் அண்ணன் அழவில்லை, சிரிக்க வைத்தார். ஆட்டோ ஓட்டியவர். மனைவி லோகநாயகி அக்காவோடு இறங்கி வந்தார். இறந்துபோன மகளின் குரல் அந்தப் போனில் இருக்கிறதாம். மொழியை மாற்றிக் கொடுத்தேன். உள்ளே போனதும் திரும்பி வந்தார்.

"பாப்பா, இன்னா பண்ணி வெச்சிக்கிற? ஒண்ணும் பிரியல. அமைப்புகள்னா இன்னா, அணுகல்தன்மைன்னா இன்னா? என் போன்ல நானே பாஸ்போர்ட் இல்லாம நிக்கிறேன்."

"அப்படியே இருக்கட்டும் அண்ணே. மாத்தாதீங்க."

"சரி சரி. வயசான காலத்துல தமிழ் படிக்க வெச்சிட்ட."

லோகநாயகி அக்கா அவர் தோளில் ஒன்று போட்டார். "புள்ள சொல்றத கேளுய்யா."

வெள்ளி, இரவு 12.30. மின்கலம் 43%.

மாலை வண்டு வந்தது. கிழக்குப் படிக்கட்டு.

காற்றுக்காக அங்கே படுப்பார்கள். சிக்னல் கொஞ்சம் எட்டும் என்று போனைத் தூக்கிக்கொண்டும் நிற்பார்கள். முதலில் ஒரு ரீங்காரம், பல் கூசும் அளவுக்கு. பிறகு வெளிச்சம். படிகள் மேலிருந்து கீழாகச் சரிந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை, புகைக்குள் வாய்கள் மட்டும் திறந்து மூடின. ஒரு கை என் பக்கத்தில் வந்து விழுந்தது, அதில் வளையல் உடையாமல் இருந்தது. குழந்தையைச் சமாதானப்படுத்திய அந்த மனிதரைக் கல்லுக்கடியிலிருந்து இழுத்தோம். பாதிதான் வந்தது. குழந்தை கிடைக்கவே இல்லை.

இறந்தவர்களைத் தண்டவாளத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நான் எண்ணவில்லை.

ரோஸ்லின் அக்காவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் தலையில் சிமென்ட் தூசி. நான் கேட்டேன், "நீ அங்க நின்னியா?"

"சாயங்காலம் கொஞ்ச நேரம். மெசேஜ் வருதான்னு பாக்க."

சனி, இரவு 1.00. மின்கலம் 34%.

தவறு. நான் நினைத்தது தவறு.

காலையில் அக்கா குளிக்கும்போது அவள் போனை எடுத்துப் பேட்டரி பக்கத்தைப் பார்த்தேன். எது எவ்வளவு மின்சாரம் தின்றது என்று அங்கே வரும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஏ.ஐ.தான். இரவெல்லாம் ஓடியிருக்கிறது. தமிழில் வைத்தால் அது நம்மிடம் பேசாது. அவ்வளவுதான். வண்டிடம் பேசும்.

எந்தப் போன் வண்டுக்குப் பதில் சொன்னது என்று தெரியாது. நான் உள்ளே விட்டதில் ஒன்று, அது மட்டும் தெரியும்.

அக்காவிடம் சொன்னேன். உடைத்துவிடலாம் என்றேன். போனை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, "நீயே அவரக் கொன்னுடு," என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பிற்பகல் தாமு அண்ணன் திடீரென்று உள்ளே சோதனை போட்டார். ஏகாம்பரம் அண்ணன் மாட்டிக்கொண்டார். தமிழில் எதுவும் புரியாமல், மகளின் குரலைத் தேட முடியாமல், திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறார். வரி அப்படியே நின்றது.

"வாசல்ல இல்லாதது இங்க எப்டிடா வந்துச்சு? யாரு மாத்திக் குடுத்தது?"

"நான்தாம்பா மாத்துனேன். லாங்குவேஜ மாத்துனா மறைஞ்சிடும்."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஆட்டோக்காரனுக்குத் தெரியாத ரூட்டா?"

முதல் அடி வாயில். பிறகு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து விரல் விரலாக. ஒவ்வொரு விரலுக்கும் ஒருமுறை கேட்டார், யார் சொல்லிக் கொடுத்தது என்று. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். ஏகாம்பரம் அண்ணன் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. லோகநாயகி அக்கா திரும்பினார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. கடைசி அடி தலையில். தர்ப்பூசணி விழுந்த மாதிரி ஒரு சத்தம். இனி நான் அதைச் சாப்பிட மாட்டேன்.

நாளை காலை எல்லாருக்கும் மறுசோதனை. எல்லாப் போனையும் ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் பார்க்க வேண்டும். இனி உள்ளே எந்தப் போனில் வரி இருந்தாலும் ஆளையும் அடித்து மேலே போடுவது என்று தாமு அண்ணன் சொல்லிவிட்டார். கர்ப்பிணி என்றாலுமா என்று யாரோ கேட்டார்கள். வண்டு அதைப் பார்க்குதா என்று திருப்பிக் கேட்டார்.

அக்கா அதைக் கேட்டுவிட்டும் போனைத் தரவில்லை.

ஞாயிறு, மாலை 6.15. டிக்கெட் கவுண்டர். மின்கலம் 19%.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வரிசை நின்றது. அக்கா முன்பக்கமே நின்றாள், ஒளிந்தால் தேடுவார்கள் என்று. நான் மேசையில் உட்கார்ந்ததும் லோகநாயகி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாமு அண்ணன் முன்னால் வந்து நின்றார். சேலையில் அவருடைய புருஷனின் ரத்தம்.

"மொதல்ல உன் போன காட்டுடா."

தாமு அண்ணன் சிரித்தார். கூட்டம் சிரிக்கவில்லை. "கேட்டுல நிக்கிறவன் போன ஒரு நாளாச்சும் பாத்தோமா?" என்றது ஒரு குரல்.

"பாருங்கய்யா, நல்லா பாருங்க. ஆடித் தள்ளுபடியில வாங்குன டப்பா போனு." மேசையில் போட்டார். "பாரு பாப்பா. சொல்லு இவங்களுக்கு."

பார்த்தேன். ராம் மிகவும் குறைவு. தேடினேன். வரி இல்லை. இருக்கவும் முடியாது. அடுத்ததாக அக்கா நின்றாள், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"இருக்கு," என்றேன்.

பின்னால் நின்று பார்க்க லோகநாயகி அக்கா குனிந்தார். திரை அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும். நிதானமாகப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இருக்கு," என்று உரக்கச் சொன்னார். உடனே சுத்தியலைப் பிடுங்கிப் போனை நொறுக்கினார்.

"ஏய், பாப்பா, இன்னொரு வாட்டி பாரு. தங்கச்சி, என்னம்மா இது, இன்னொரு வாட்டி," என்றார் தாமு அண்ணன். என்னை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

வரிசை கட்ட வைத்திருந்த இரும்புத் தடுப்புகளைப் பிடுங்கி அடித்தார்கள். கண்ணாடிக் கதவில் அவர் முகத்தை வைத்துத் தேய்த்தார்கள். ஒரு பல் என் மேசையில் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை பிள்ளையை இழந்தவர்கள், புருஷனை இழந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு அடியாவது அடிக்கக் காத்திருந்து அடித்தார்கள். அவர் அசைவதை நிறுத்திய பிறகும் நடந்தது.

லோகநாயகி அக்கா சுத்தியலை என் கையில் வைத்தார். "நீ வெச்சிக்கோ," என்றார்.

பிறகு எல்லாரும் திரும்ப வரிசையில் நின்றார்கள்.

அக்காவின் போன். ஆங்கிலம். வரி பளிச்சென்று இருந்தது. நான் "இல்லை" என்றேன். அவளுக்குப் பின்னால் பத்ரி சார், வங்கி மேலாளர், கண்ணாடி போட்டவர். நன்றாகக் குனிந்து படித்தார். என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"இல்லம்மா. நான் பாத்தேன். இல்ல."

அடுத்த போனிலும் வரி இருந்தது. என் வயதுப் பெண் ஒருத்தியுடையது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவளைச் சுற்றிக் கம்பிகள் உயர்ந்தன. இருக்கு என்று சொன்னால் இனிமேல் போன் மட்டும் உடையாது. இல்லை என்றேன். பின்னால் நின்றவர் பார்க்காமலே இல்லை என்றார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் இல்லை. இன்று ஒரு போன்கூட உடையவில்லை.

மதியச் சாப்பாட்டில் எனக்கு முதலில் பரிமாறினார்கள்.

ஞாயிறு, இரவு 11.50. மின்கலம் 11%.

அக்கா தூங்கும்போது போனை எடுத்து உடைத்துவிட்டேன். விழித்துக்கொண்டு என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். நெற்றி கிழிந்தது. பரவாயில்லை. அவள் போன் இனி பேசாது.

மற்றவை பேசும். எவை என்று எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் நான்தான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

திங்கள், அதிகாலை 3.10. மின்கலம் 2%.

ரீங்காரம். பல் கூசுகிறது.

எழுந்து ஓடிக் கத்தினேன். "இருக்கு. நான் பொய் சொன்னேன். போன்ல இருக்கு, எல்லாரும் உடைங்க, இப்பவே உடைங்க."

யாரும் தன் போனைத் தொடவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் படுத்திருந்தவரைப் பார்த்தார்கள். பிறகு எழுந்தார்கள். தடுப்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார்கள்.

கவுண்டருக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார்கள், அமைதியாக, மரியாதையாக. முன்னால் பத்ரி சார்.

"யார்கிட்ட இருக்கு பாப்பா? ஆள மட்டும் காட்டு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

போன்தான் சார், ஆள் இல்லை, போன் என்கிறேன். தலையாட்டுகிறார். ஆளைக் காட்டு என்கிறார். அவர் சட்டைப் பையில் போன் இருக்கிறது. அதிலும் வரி உண்டு, நான் பார்த்தேன்.

சத்தம் இப்போது படிக்கட்டிலேயே. கூட்டத்துக்குப் பின்னால் அக்கா தனியாக நிற்கிறாள். யாரோ அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் யாரையாவது காட்டாவிட்டால்

பத்ரி சாரைக் காட்டினே