ஹீற்றர் சூடாகாத கார்

இஞ்சாருங்கோ,

கார்த் திறப்பைத் தேடாதேங்கோ, காரை நான் கொண்டுபோறன். இண்டைக்கு வேலைக்கு பஸ்ஸிலை போங்கோ.

நேற்று பிள்ளையை டொக்டரிட்டைக் கொண்டுபோகேக்கை ஹீற்றரிலை சூடே வரேல்லை. முன்கண்ணாடி முழுக்கப் பனிப்புகார் மூடி, ரோட்டைக் கடந்த மனிசியைக் கிட்டப் போனாப்பிறகுதான் கண்டன். பிரேக் பிடிச்சதாலை தப்பினா. அவ என்னைத் திட்டேல்லை. பின்சீற்றிலை இருந்த பிள்ளையைப் பாத்திட்டு நடந்து போட்டா.

கோடையிலை எஞ்சின் கொதிக்குதெண்டு நீங்கள் பூட்டின, குறைஞ்ச சூட்டிலையே திறந்து தண்ணியை விட்டு எஞ்சினை ஆறப்பண்ணுற தேர்மோஸ்டாற்றாலை வந்த வினை உது. "எஞ்சினுக்கு அதுதான் நல்லது" எண்டு இனிக் கத்தவேண்டாம். கராஜிலை மாத்துவிச்சுக்கொண்டுதான் வருவன்.

பிள்ளை கீழ்வீட்டு அன்ரியோடை. சோறும் மீன்குழம்பும் அடுப்பிலை கிடக்கு.

மலர்

பி.கு: வெளியிலை கொட்டுற பனி. என்ரை பெரிய மவ்ளரைக் கழுத்திலை சுத்திக்கொண்டு போங்கோ. கோவம் இன்னும் ஆறேல்லை.